அறுபதாவது பெயர்

இந்த ஊரில் பதில் கண்ணுக்குத் தெரிகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணிக்குக் கல்லூரி ஜெபமண்டபத்தில் நான் ரிஜிஸ்தரைப் பிரித்துவைத்துப் பேர் கூப்பிடும்போது, இரும்பு அடுப்பை அப்போதுதான் பற்றவைத்திருப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். பேருக்குரியவன் 'ஹியர்' என்றதும் அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஓர் ஆவி கிளம்பி, சற்று நின்று, கலையும். முதல் வருஷம் இதைப் பார்த்து எனக்கு உடம்பே ஆடிப்போயிற்று. இங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. 'ஐயா' என்று ஒரு வார்த்தை கிடையாது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், எனக்கு ஏதோ தயவு செய்கிற மாதிரி ஒரு 'ஹியர்'. எனக்கோ ஒரு காது மந்தம். அதனால் ஆவியைப் பார்த்துத்தான் குறி போடுகிறேன். ஆவி வந்தால் ஆள் உண்டு. வராவிட்டால் இல்லை. எவ்வளவு நேரான கணக்கு பாருங்கள். நான் ஊரில் பேர் கூப்பிட்ட காலத்தில் இப்படி ஒரு குளிர் நமக்கு வாய்த்திருந்தால், என்னைப் போன்ற ஓர் ஆசாமி அங்கே ஒரு மாதம்கூட வாத்தியார் உத்தியோகம் பார்த்திருக்க முடியாது.

கண்டிச் சீமைக்குப் போனவர்களுக்கும், கூடலூர் தாண்டிக் குமுளி மலையேறிக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும், எங்கேயும் போகாமல் நம்ம கம்பம் பள்ளத்தாக்கிலேயே நஞ்சையும் புஞ்சையுமாக இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில் அயோவா என்னும் சீமை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண் போகிற தூரத்துக்கு மக்காச்சோளம். நம்ம பக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து வழி மறிக்குமே, அது இங்கே இல்லாதது முதல் ஆறு மாதம் எனக்கு மூச்சு முட்டியது. மிஷன் தொரை ஒருவர் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அச்சுக்குக் கொண்டுவரத் துணைக்கு வேண்டும் என்று என்னைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். வந்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். புத்தகம் பாதியில் நின்றது. நானும் பாதியில் நின்றேன். அவருடைய பழைய நண்பர், இந்தச் சிறு கல்லூரியின் பிரசிடெண்டு, இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்தார். ரிஜிஸ்தர் எழுதுவது, பேர் கூப்பிடுவது, வருஷா வருஷம் காட்டலாக் என்று ஒரு புத்தகம் போடுவார்கள், அதற்குப் பட்டியல் தயாரிப்பது. 'வாத்தியார் சாமுவேல் அமெரிக்காவில் பெரிய ஆளாம்' என்று ஊரில் பேச்சு என்று கேள்விப்பட்டேன். பெரிய ஆள்தான். பேர் எழுதுகிற ஆள்.

கல்லூரி என்றதும் நீங்கள் என்னவோ நினைத்துக்கொள்வீர்கள். மணிக்கூண்டோடு ஒரு செங்கல் கட்டிடம், இரண்டு விடுதி, பின்னால் குதிரை லாயம். இந்தத் தேசத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு கோயில் எழும்புகிறது. நாலு கோயில் சேர்ந்தால் ஆளுக்கொரு கல்லூரி. மெதடிஸ்துகாரருக்கு ஒன்று, லூத்தரன்காரருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. கட்டிடம் எழுப்பிவிட்டார்கள், மணியும் தொங்கவிட்டார்கள், பிள்ளைகளைத்தான் காணோம். சர்க்கார் ஒரு பெரிய சர்வகலாசாலை நடத்துகிறது. அங்கே கிரேக்கம் வேண்டாம், விவசாயம் படிக்கலாம், எந்திரம் படிக்கலாம். டைப்ரைட்டர் தட்டக் கற்றுக்கொடுக்கும் வியாபாரப் பள்ளி ஒன்று பக்கத்து டவுனில் வந்துவிட்டது, ஆறே மாதம், உடனே வேலை. வங்கிகள் கவிழ்ந்த பிறகு குடியானவர்கள் பிள்ளைகளை வயலை விட்டு அனுப்ப யோசிக்கிறார்கள். எங்களிடம் வருகிற கொஞ்சம் பேரிலும் பெரும்பாலோர் ஆயத்த வகுப்புக்கு, அதாவது கல்லூரிக்குத் தகுதியாக்கும் கீழ்ப்பள்ளிக்கு வருகிறவர்கள். நிஜமான கல்லூரி வகுப்புகளில் வருஷா வருஷம் பெஞ்சு காலியாகிறது. போன வருஷம் எங்கள் சபைச் சங்கத்தார் ஒரு தாக்கீது அனுப்பினார்கள். வரும் புரட்டாசிக்குள் கல்லூரி வகுப்புகளில் அறுபது பேராவது இல்லையென்றால் மேல்வகுப்புகளை மூடிவிட்டு வெறும் பள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. பிரசிடெண்டு அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். இருபது வருஷமாகக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிற மனுஷர். முதுகு குலுங்கியதைப் பார்த்தேன்.

அந்தக் கோடை முழுக்க நாங்கள் இருவரும் குதிரை வண்டியில் பிள்ளை பிடிக்கக் கிளம்பினோம். எனக்கு வெள்ளைத் தலைப்பாகை கட்டச் சொன்னார் பிரசிடெண்டு. 'இந்தியாவிலிருந்து நம்மைத் தேடி வந்திருக்கிறார் என்று ஜனங்கள் பார்க்கட்டும்' என்றார். ஊரில் நான் ஒருநாளும் தலைப்பாகை கட்டியதில்லை. தலைப்பாகை கட்டுகிற வீட்டுப் பிள்ளையும் இல்லை. கட்டத் தெரியாமல் கட்டி, குதிரை ஓடும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு பண்ணை வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் என்னைத் தெருவில் சாமான் விற்கிறவன் என்று நினைத்துவிட்டாள். 'மூட்டையில் என்ன இருக்கிறது?' என்றாள். மூட்டையில் காட்டலாக் இருந்தது. 'கல்லூரி' என்றேன். 'எங்களுக்கு வேண்டாம், போன வாரம்தான் ஒருத்தர் வந்தார்' என்று கதவைச் சாத்திவிட்டாள். இன்னொரு வீட்டில் குடியானவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியதை நம்ம பேச்சிலேயே சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

"இவுக உங்ககிட்டத்தான் கிரேக்கம் படிச்சாகளா?"

"இல்லை, அவர் தம் ஊரிலேயே படித்துவிட்டு வந்தவர்" என்றார் பிரசிடெண்டு பெருமையாக.

"அப்ப எம் மகனும் அவுக ஊருக்கே போய்ப் படிக்கட்டுமே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பிரசிடெண்டு முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டியில் ஏறிய பிறகு சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், அறுவடைக்குக் கை வேண்டும் ஐயா என்று அந்த மனுஷர் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை, அப்படியே ஆடு மேய்க்க ஆள் வேண்டும் வாத்தியாரே என்று நம்ம ஊரில் நான் கேட்ட வார்த்தை. நானும் இதே மாதிரி வாசல் வாசலாக நின்றவன்தான்.

உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் அப்பால் ஒரு சிற்றூர். பேர் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தி அங்கே மிஷன் பள்ளி நிறைந்து கிடந்தது. பஞ்சத்தில் பாதி, அதற்குப் பிறகு வருஷா வருஷம் வந்த வாந்திபேதியில் மீதியில் பாதி போயிற்று. ஆனால் பள்ளி ரிஜிஸ்தரில் யாரும் போகவில்லை. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை குதிரையில் வருவார். ரிஜிஸ்தரில் உள்ள தலைக்குத் தலை பார்ப்பார். தலை குறைந்தால் பள்ளி இல்லை. பள்ளி இல்லையென்றால் மிச்சம் இருக்கிற பிள்ளைகளும் ஆட்டுக்குப் பின்னால்தான். அதனால் நம்ம பக்கத்து வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு அடுத்த ஊரிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவோம். ஆளுக்கொரு பேர் கொடுப்போம். செத்த பிள்ளையின் பேர். 'இன்னைக்கு ஒரு நாளு நீ இந்தப் பேருக்கு உள்ளேன் ஐயான்னு சொல்லணும், சரியா?' பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கையில் ஒரு வெல்லக் கட்டி. எனக்கும் அது தப்பாகப் படவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்காகச் செத்த பிள்ளைகள் செய்கிற உபகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாத்தியாருக்குச் சொல்லவா வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும்.

அப்படி ஒரு வருஷம் வந்தவள் பிச்சையம்மா. பத்து வயசு இருக்கும். தாய் தகப்பன் இல்லை; மாமன் வீட்டில் ஆடு மேய்த்தாள். அவளுக்கு நான் கொடுத்த பேர் செல்லம்மா. அந்தச் செல்லம்மா வாந்திபேதியில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் பேர் கூப்பிட்டேன். "செல்லம்மா." கணீரென்று பதில் வந்தது. "உள்ளேன் ஐயா!" அந்த நேரம் பார்த்துச் செல்லம்மாவின் ஆத்தா வீராயி புல்லுக்கட்டோடு பள்ளிக்கூடத்து வாசலில் போய்க்கொண்டிருந்தாள். கட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. வாசற்படியில் வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் கவனிப்பதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டேன். வீராயி அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் குதிரையேறிப் போனதும் உள்ளே வந்து பிச்சையம்மாவின் கையைப் பிடித்தாள்.

"என்னங்க வாத்தியாரே, என் மக இங்கனதான் இருக்காளா? இம்புட்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. அது வேறு பிள்ளை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கையை விடவில்லை. மறுநாள் பள்ளி நேரத்துக்கு வந்து ஜன்னலோரம் நின்று, 'கூப்பிடுங்க வாத்தியாரே' என்றாள். நான் என்ன செய்ய? கூப்பிட்டேன். பிச்சையம்மாவும் அன்றைக்கு வந்திருந்தாள். வீராயி வீட்டில் ராத்திரி நல்ல சோறு கிடைத்திருந்தது. "உள்ளேன் ஐயா." ஒரு வாரத்தில் மாமன்காரனும் வந்து, 'அங்கனயே இருக்கட்டும், எனக்கு ஒரு வயிறு குறைஞ்சுது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆத்தாளுக்கு மகள் கிடைத்தாள், மாமனுக்குப் பாரம் இறங்கியது, எனக்கு ரிஜிஸ்தரில் ஒரு பேர் நிஜமாயிற்று. எல்லோருக்கும் நல்லதுதான் என்று ஊரே சொன்னது. வீராயி அவளுக்கு எண்ணெய் தேய்த்து, தலை வாரி, செல்லம்மாவின் பழைய சிற்றாடையைக் கட்டிவிட்டாள். இரண்டு வருஷத்தில் ஊரில் ஒருத்தரும் அவளைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இங்கே எம்மா என்று ஒரு பெண் படித்தாள். ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்து குடியேறிய லிண்ட் என்ற குடியானவரின் மூத்த மகள். இரண்டு வருஷம் நன்றாகக் கிரேக்கம் படித்து, மூன்றாம் வருஷத்துக்குப் போக இருந்தவள். போன வசந்தத்தில் விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்கடுத்த மாதம் காட்டலாக்குக்குப் பட்டியல் எழுதினேன். எம்மாவின் வரியில் பேனாவை நிறுத்திவிட்டுப் பிரசிடெண்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, 'இருக்கட்டும் சாமுவேல், வருஷத்தில் பாதி அவள் இங்கேதானே இருந்தாள். சங்கத்தார் எண்ணிக்கையைத்தான் பார்க்கப்போகிறார்கள்' என்றார். எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் எனக்கு என் பேரில் மரியாதை வந்திருக்கும். நடுங்கவில்லை. பழகிய வேலை, கை பாட்டுக்கு எழுதியது. இவ்வளவு பெரிய சமுத்திரத்தைத் தாண்டி வந்தும் நான் செய்கிற தொழில் அதேதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

புரட்டாசி பிறந்து கல்லூரி திறக்கிற நாள். வண்டியில் சுற்றியதெல்லாம் சேர்த்து, கல்லூரி வகுப்புகளில் உயிருள்ள பேர் ஐம்பத்தொன்பது. எம்மாவோடு அறுபது. மறுநாள் சங்கத்தார் ஒருவர் வந்து தலை எண்ணிப் பார்க்கப்போகிறார் என்று தகவல். பிரசிடெண்டு நகம் கடித்துக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு லிண்ட் வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் காட்டலாக், பின்னால் பதினாறு பதினேழு வயசில் ஒரு பெண். காட்டலாக்கை மேஜையில் வைத்து எம்மாவின் பேரில் விரலை வைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

"இதுல எம் மக இருக்கா" என்றார். "நீங்க எடுக்கல. அதுக்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். இவள் இளையவள், ஹில்டா. எம்மாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் மிச்சம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தையும் இவள் எம்மாவின் பேரில் உட்கார்ந்து படிக்கட்டும். கடைசியில் கொடுக்கிற பத்திரத்தில் எம்மா லிண்ட் என்று இருக்க வேண்டும். 'அத நான் வீட்டுச் சுவத்துல மாட்டணும். அவ அம்மா அதப் பாத்துட்டாவது எந்திரிச்சு ஒரு வாய் சாப்புடுவா' என்றார். ஹில்டா எம்மாவின் நீல உடுப்பைப் போட்டிருந்தாள். கை நீளமாகத் தொங்கியது. அதை மடித்து மடித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசிடெண்டு என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போய்க் கணக்குச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அவள் சொந்தப் பேரில் எழுதினால் ஆயத்த வகுப்பில்தான் எழுத முடியும், அது அறுபதில் சேராது. எம்மா பேரில் எழுதினால் நாளைக்கு எண்ண வருகிறவருக்கு அறுபதாவது தலையும் நாற்காலியில் இருக்கும். 'எங்கே உட்கார்ந்து படித்தால் என்ன சாமுவேல், தனியாகக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். ஒரு தகப்பனே வந்து கேட்கிறார். யாருக்கு நஷ்டம்?' அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் அந்தக் கட்டிடமும், மணியும், இருபது வருஷமும் தெரிந்தன. நான் ரிஜிஸ்தரைத் திறந்தேன். எம்மாவின் வரி ஏற்கெனவே இருந்தது. நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

யாருக்கு நஷ்டம் என்றாரே, அதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

பிச்சையம்மாவுக்குப் பன்னிரண்டு வயசானபோது ஒருநாள் பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். என்ன ஆத்தா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாத்தியாரே, நாளைக்கு ஒத்தத் தடவ என் பேரக் கூப்பிடுறீகளா?"

"தினமும்தானே கூப்பிடுறேன்."

"அது அந்தப் புள்ள பேரு. என் பேரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அது ரிஜிஸ்தர்ல இல்ல ஆத்தா' என்றேன். எவ்வளவு பொறுப்பான பதில்! அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறார், இவள் பேர் மாறினால் பழைய வருஷமெல்லாம் குழப்பம் என்று என் புத்தி ஓடியது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் 'செல்லம்மா' என்று கூப்பிட்டேன். எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. வீராயி ஜன்னலோரம் நின்று, 'சொல்லுடி தங்கம், சொல்லு' என்றாள். அப்படியும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெஞ்சு காலி. பெரியாற்றில் அணை வேலைக்கு ஆட்கள் கும்பல் கும்பலாக மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. அவளைக் கூடலூர்ப் பாதையில் அந்தக் கும்பலோடு பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். வீராயியைக் கூட்டிக்கொண்டு நானும் ஏறினேன். குமுளியில் கங்காணிகளிடம் செல்லம்மா என்று ஒரு பெண் வந்தாளா என்றேன். இல்லை என்றார்கள். பிச்சையம்மா? அப்படியும் இல்லை. 'என்ன வாத்தியாரே, ஒரு புள்ளய ரெண்டு பேரு சொல்லித் தேடுறீக?' என்று ஒரு கங்காணி கேட்டான். அவள் யாரிடம் என்ன பேர் சொன்னாளோ. தோட்டம் தோட்டமாக ஒரு மாதம் அலைந்தோம். எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. திரும்பி வந்த பிறகு வீராயி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் அதே நேரத்துக்கு ஜன்னலோரம் மட்டும் வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. தொரை அமெரிக்கா போகிறார், துணைக்கு வருகிறாயா என்றதும் நான் ஏன் என்ன என்று கேட்காமல் கிளம்பினது அதனால்தான். வேறு ஒரு லட்சியமும் கிடையாது. அந்த ஜன்னலை விட்டு ஓடிவந்தேன்.

லிண்ட் காத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"உன் பேர் என்னம்மா?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிரசிடெண்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்கிறவள் மாதிரி மெதுவாக, "ஹில்டா" என்றாள். சொல்லி முடிக்கவும் அழுதுவிட்டாள். நான் ஆயத்த வகுப்பு ரிஜிஸ்தரை எடுத்து ஹில்டா லிண்ட் என்று எழுதினேன். பிறகு கல்லூரி ரிஜிஸ்தரில் எம்மாவின் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். கோடு கோணலாகத்தான் விழுந்தது.

லிண்ட் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "எம் மகள எடுக்க நீ யாருய்யா?" நியாயமான கேள்வி. நான் உடைந்த இங்கிலீஷில், பத்து வருஷமாக ஒரு ஜீவனிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஊரில் ஒரு சிறு பெண், பேர் கூப்பிடச் சொன்னாள், நான் கூப்பிடவில்லை, போய்விட்டாள், மலையெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. வார்த்தைகள் முன்னும் பின்னுமாகத் தடுமாறி வந்தன. அவர் கோபம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தம் பெரிய கையை என் தோளில் வைத்து, "உங்களுக்கும் ஒரு மக போயிட்டாளா?" என்றார். இல்லை, என் மகள் இல்லை, நான் அவளுடைய வாத்தியார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அவர் தம் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஹில்டாவின் கைமடிப்பை அவரே நேராக்கிவிட்டு, அவளை விடுதிக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் அவரை ஏமாற்றிவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறையில் நானும் பிரசிடெண்டும் மட்டும். ஐம்பத்தொன்பது. 'ஒரு பேனாக் கோட்டில் கல்லூரியை மூடிவிட்டாய் சாமுவேல்' என்றார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் திடீரென்று அலமாரியிலிருந்து கிரேக்கச் சுவிசேஷத்தை எடுத்து என் முன்னே விரித்தார். 'வாசி.' ஊரில் மிஷன் தொரையிடம் படித்தது மறக்கவில்லை, வாசித்தேன். 'அர்த்தம் சொல்.' சொன்னேன். இலக்கணத்தில் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். இரண்டுக்குத் தப்பாகச் சொன்னேன். மனுஷர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு சிரிப்பு வந்தது. 'முதல் வருஷத்துக்கு இது போதும். இங்கே படிக்க வயசு வரம்பு ஒன்றும் இல்லை. உன்னை எழுதிக்கொள்.' எனக்கு நாற்பத்திரண்டு வயசு. தலை முன்பக்கம் வழுக்கை. விளையாடுகிறார் என்று பார்த்தேன்; பேனாவை மையில் தொட்டு நீட்டினார்.

இத்தனை வருஷத்தில் ஊரானுக்கும் அசலானுக்கும், செத்தவனுக்கும் இருக்கிறவனுக்கும் பேர் எழுதியிருக்கிறேன். என்னை நான் எங்கேயும் எழுதினதில்லை. சாமுவேல் என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். அது ஞானஸ்நானத்தில் தொரை கொடுத்த பேர்; நல்ல பேர்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்னொருவர் கொடுத்த பேருக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளினவன் நானும்தானே என்று ஏனோ அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. என் ஆத்தா வைத்த பேர் மாயாண்டி. அவள் போன பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. மாயாண்டி என்று எழுதினேன். பக்கத்தில் ஊர் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் கம்பம் பள்ளத்தாக்கு என்று எழுதினேன். பிரசிடெண்டு அதை எழுத்துக்கூட்டிப் பார்த்து, 'இது யார்?' என்றார். நான்தான் என்றேன்.

மறுநாள் காலை சங்கத்தார் அனுப்பிய பெரியவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் ஆயத்த வகுப்பைக் கூப்பிட்டேன். ஹில்டா லிண்ட் என்றதும் அவள் தேவைக்கு மேல் சத்தமாக 'ஹியர்' என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு கல்லூரி வகுப்புகள். ஒன்று ஒன்றாக ஐம்பத்தொன்பது பேரும் பதில் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாள் ஊர்ப் பேரோடு கூப்பிடுவது இங்கே வழக்கம். கடைசி வரிக்கு வந்தேன். "மாயாண்டி, கம்பம் பள்ளத்தாக்கு" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. சாமுவேலைத்தான் அவர்களுக்குத் தெரியும். யாரோ புதுப் பையன் நேரம் கழித்து வருகிறான் என்று மண்டபம் முழுவதும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தும், வாயைத் திறக்காமல், யார் வருகிறார்கள் என்று நானும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.